மயிலாசனம்

இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்கு ஆடிக் கடைசி வெள்ளிக்கு வந்த கூட்டம் இன்னும் முழுக்க வடியவில்லை. அர்ச்சுனா ஆறும் வைப்பாறும் சேர்கிற மணலில் பொங்கல் வைத்த கற்கள் கரிபிடித்துக் கிடக்கின்றன. முடிகாணிக்கை கொடுத்த பிள்ளைகள் சந்தனம் பூசிய தலையோடு வேனுக்குள் தூங்குகிறார்கள். வளையல் கடைக்காரர் தார்ப்பாயை இழுத்து மூடிக் கட்டுகிறார். கோயில் வெளிச்சம் எட்டாத தூரத்தில் ஒரு தெரு. அங்கே இன்றைக்கு ராத்திரி நாடகம். ‘வள்ளி திருமணம்’.

நோட்டீஸ் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொருவர் படத்துக்கும் கீழே அவரவர் ஊர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், நாரதர் ஓர் ஊர், பபூன் இன்னோர் ஊர். ஸ்பெஷல் நாடகம் என்றால் அப்படித்தான். கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ஏஜெண்ட் தேதி பேசி அட்வான்ஸ் கொடுப்பார். அவரவர் பஸ் ஏறி வந்து இறங்குவார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த கதை எல்லாருக்கும் மனப்பாடம். மிச்சம் எல்லாம் அன்றைக்கு ராத்திரி மேடையில் பிறக்க வேண்டும்.

மேடைக்குப் பின்னால் தென்னந்தட்டி மறைப்பு. மறைப்பு ஓரமாக, மேடையும் ஒப்பனை இடமும் ஒருசேரத் தெரிகிற இடத்தில் உட்கார இடம் கிடைத்தது.

ராஜபார்ட்டுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். தகரப் பெட்டியைத் திறந்து, மூடியின் உட்புறம் பதித்த கண்ணாடியைப் பார்த்து ரோஸ் பவுடர் அப்புகிறார். பெட்டிக்குள் கிரீடம், பாசிமணி, சவுரி, அதற்கடியில் ஒரு நோட்டு. அட்டை கிழிந்த நீள நோட்டு. வரவுசெலவு எழுதுகிற மாதிரி கோடு போட்டது. அவர் கட்டிய பாட்டு எல்லாம் அதில் இருக்கிறது. ஒரு பக்கத்தைப் புரட்டி, உதடு மட்டும் அசைய ஒருமுறை பார்த்துக்கொண்டு மூடுகிறார்.

ஸ்திரீபார்ட் அம்மாள் தாமதமாக வந்து சேர்ந்தார். சாத்தூரில் பஸ் கிடைக்கவில்லையாம். இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது இந்த ராத்திரி இப்போதுதான்.

“வாங்கக்கா. எத்தனை கட்டைக்கா வைக்கச் சொல்ல?”

“நீங்க எது சொன்னாலும் சரி தம்பி. ரொம்ப ஏத்திராதீங்க. தொண்டை கட்டிக் கிடக்கு, நேத்தும் நாடகம்.”

பேச்சு அவ்வளவுதான். விடிவதற்குள் இந்த இரண்டு பேரும் ஆயிரம் பேர் முன்னால் காதலித்துச் சண்டை போட்டுக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்.

விழாக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் காபித் தூக்கோடு வந்தார். ராஜபார்ட் எழுந்து வாங்கிக்கொண்டு அவரைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“அய்யா, ஆத்துல தண்ணி வந்து எத்தனை வருசமாச்சு?”

“எங்கய்யா வந்துச்சு. ஐப்பசியில வந்தா உண்டு. மத்த நாளெல்லாம் சீமைக்கருவேலந்தான்.”

“சனங்க பெரும்பாலும் எங்க வேலைக்குப் போகுது?”

“பயர் ஆபீசுதான். காலையில வேன் வரும். பொம்பளையாளுக பூராவும் அதுலதான் போகுதுக.”

பட்டாசு ஆலைக்கு இந்தப் பக்கம் பயர் ஆபீஸ் என்றுதான் பேர். ராஜபார்ட் கேட்டுக்கொண்டே வந்தார். யார் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தது, எந்தக் கிணறு வற்றாதது, ஊரில் படித்துப் பெரிய வேலைக்குப் போன பெண் யார். நோட்டில் எதையும் குறிக்கவில்லை. காதில் வாங்கித் தலையை ஆட்டினார். ஒரு பாட்டுக்காரன் பாட்டுக்கு வித்துத் தேடுவதை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைப்பது பெரிய பேறு.

பத்தரைக்கு ஆர்மோனியம் எழுந்தது. கால்பெட்டி ஆர்மோனியம், வாசிக்கிறவருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும், குரல் மட்டும் தாண்டவில்லை. மிருதங்கம், டோலக், அப்புறம் தாளத்திலிருந்து இடிமுழக்கம் வரைக்கும் எல்லாச் சத்தமும் தருகிற ஆல்ரவுண்டு. மேடைக்குக் குறுக்கே கட்டிய மூங்கிலிலிருந்து மூன்று மைக்குகள் வயரில் தொங்குகின்றன, தலைக்கு மேலே. பாடுகிறவர் அதற்கு நேர் கீழே வந்து நின்று முகத்தைத் தூக்கிப் பாட வேண்டும். உடம்பில் ஒட்டிக்கொள்கிற சின்ன மைக் வந்து எத்தனையோ காலம் ஆகியும் இந்த மேடை தொங்கு மைக்கை விடவில்லை. தூக்கிய முகத்தில் கழுத்து நரம்பு கடைசி வரிசைக்கும் தெரிகிறது.

பபூனும் டான்ஸ்காரப் பெண்ணும் பன்னிரண்டரை வரைக்கும் கூட்டத்தைச் சிரிக்க வைத்தார்கள். அதற்குள் பாதிப் பிள்ளைகள் தூங்கிவிட்டன. பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம், நடுவே போகவர வழி. சேவுப் பொட்டலம் கைமாறுகிறது.

ராஜபார்ட் ஏறினார். ஏறுமுன் மேடைத் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். ஆர்மோனியத்தைத் தொட்டார், மிருதங்கத்தைத் தொட்டார், ஆல்ரவுண்டு பையனுக்கும் கும்பிடு போட்டார். பிறகு மைக்குக்குக் கீழே வந்து நின்று ஒரே இழுப்பாக மேல் ஸ்தாயிக்குப் போனார். தூங்கிக்கொண்டிருந்த கிழவர் எழுந்து உட்கார்ந்தார்.

“இதுதாம்லே முருகன்,” என்றார் பக்கத்துப் பையனிடம். “எங்கய்யா சொல்வாரு. நம்ம சிவகாசிக்காரரு ஒருத்தரு, தாசு. மேடையில நின்னா நிசமாவே முருகன் வந்த மாதிரி இருக்குமாம். சனம் கன்னத்துல போட்டுக்குமாம்.”

“யாரு தாத்தா?”

“விஸ்வநாத தாசு. வெள்ளைக்காரன் மேடையில வச்சே பிடிச்சிட்டுப் போவானாம்.”

பையன் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டான். கிழவர் மேலே சொல்லவில்லை. அவர் விட்ட இடத்திலிருந்து சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

தியாகி விஸ்வநாத தாஸ் 1886 ஜூன் 16 அன்று சிவகாசியில் பிறந்தார். முடிதிருத்தும் தொழிலும் வைத்தியமும் பார்த்து வந்த மருத்துவர் சமூகம். பின்னால் குடும்பம் திருமங்கலத்தில் நிலைத்தது. குரல் இருந்தது, அழகு இருந்தது. மேடை அவரை எடுத்துக்கொண்டது. முருகன் வேடத்தில் அவரைப் பார்க்கத் தென்மாவட்டமே வண்டி கட்டியது. ஆனால் அந்த முருகனோடு வள்ளியாக நிற்க மறுத்த நடிகைகள் உண்டு. காரணம் சாதி. தட்டில் கற்பூரம் காட்டிக் கும்பிடுகிற வேடத்துக்குள் இருக்கிற ஆளோடு சமமாக நிற்க மனம் வராத மேடை அது. அப்படி மற்றவர்கள் மறுத்தபோது முன்வந்து அவரோடு நடித்தவர்களில் ஒருவர் மதுரை கே.பி. ஜானகி அம்மாள். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராகி, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து சட்டமன்றம் போனவர். ஒரு பாட்டுக்காரரின் வாழ்க்கையில் அந்தச் சம்மதம் எவ்வளவு பெரியது என்பதை இந்த ராத்திரியில் தெரிந்துகொள்ளலாம். எதிரே நின்று பதில் பாட ஆள் இல்லாவிட்டால் ஸ்பெஷல் நாடகமே கிடையாது.

மேடையில் வள்ளி தினைப்புனம் காக்க வந்துவிட்டாள். பரண் என்று ஒரு பெஞ்சு. பறவைகளை விரட்டி ஆலோலம் பாடுகிறாள். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொன்ன அம்மாளின் குரலா இது என்றிருக்கிறது. வலது கையைக் கவண் சுற்றுகிற பாவனையில் சுழற்றி விட்டதும் முன்வரிசைக் குழந்தை நிஜமாகவே வானத்தைப் பார்த்தது.

பறவை விரட்டுகிற இந்த இடத்தில்தான் தாஸ் காலத்து மேடை வெடியை வைத்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய கொக்குப் பாட்டைத் தாஸ் பாடினார். தினைப்புனத்துக்கு மேலே பறக்கிற வெள்ளைக் கொக்கு எது என்று கூட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜாலியன்வாலா பாக் படுகொலையைப் பற்றியும் பாஸ்கரதாஸ் எழுதினார். அதுவும் நாடக மேடைகளில் ஒலித்தது. எழுதப்படிக்கத் தெரியாத ஊர்களுக்குப் பஞ்சாபில் 1919இல் நடந்தது போய்ச் சேர்ந்தது பத்திரிகையால் அல்ல. வள்ளி கல்யாணத்துக்கு நடுவே வந்த பாட்டால்.

அரசாங்கத்தின் கையில் 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் இருந்தது. எந்த நாடகத்தையும் தடுக்கலாம். பாட்டுக்குத் தடை, ஊருக்குத் தடை, பிறகு கைது. இருபத்தொன்பது முறை சிறை போனார் என்பது அவரைப் பற்றி எல்லாரும் சொல்கிற கணக்கு. வாரண்டோடு மேடை ஏறிய அதிகாரியிடம், வாரண்ட் விஸ்வநாத தாசுக்குத்தானே, நான் இப்போது முருகன், ஆட்டம் முடியட்டும் என்று அவர் சொன்னதாகவும் இந்தச் சீமையில் ஒரு கதை உண்டு. கதையோ நடந்ததோ, அதைச் சொல்கிறபோது கிழவர்களுக்கு முதுகு நிமிர்கிறது.

இந்தத் தொங்கு மைக்கைப் பார்க்கும்போது இன்னொரு பாட்டுக்காரர் நினைவுக்கு வருகிறார். அமெரிக்காவில் 1960களில் பையன்கள் வீட்டுக் கார் கொட்டகையில் கிதாரும் டிரம்மும் வைத்து அடித்துப் பழகி, தேர்ச்சியைவிட வேகத்தை நம்பிப் பாடிய இசைக்குக் கராஜ் ராக் என்று பெயர் வந்தது. 1963 ஏப்ரலில் போர்ட்லாண்ட் நகரத்தில் ‘தி கிங்ஸ்மென்’ என்ற குழு ‘லூயி லூயி’ என்ற பாட்டைப் பதிவு செய்தது. பாடியவர் ஜாக் ஈலி. மைக்கை உயரத்தில் தொங்க விட்டிருந்தார்கள். பல்லுக்குக் கம்பி கட்டியிருந்த பையன் முகத்தை மேலே தூக்கிக் கத்திப் பாடினான். சொல் ஒன்றும் தெளிவாக விழவில்லை. ஆபாசம் என்று புகார் போய், எஃப்.பி.ஐ. இரண்டு வருஷத்துக்கு மேல் அந்த இசைத்தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு, என்ன பாடுகிறான் என்றே புரியவில்லை என்று கோப்பை மூடியது. தட்டு நாடெங்கும் விற்றபோது ஜாக் ஈலி அந்தக் குழுவிலேயே இல்லை. பாட்டை எழுதிய ரிச்சர்ட் பெர்ரி என்ற கறுப்பினப் பாடகர் அதன் உரிமையை எழுநூற்றைம்பது டாலருக்கு எப்போதோ விற்றுவிட்டிருந்தார். அரசாங்கம் பாட்டைக் கண்டு பயப்படுவதும், பாட்டு ஊரை ஜெயிக்கிற நேரத்தில் பாடியவன் கை வெறுங்கையாக இருப்பதும் அங்கேயும் உண்டு. ஒரு வித்தியாசம்: சிவகாசிக்காரரின் சொல் போலீசுக்கு எழுத்துக்கு எழுத்து புரிந்தது.

மணி இரண்டே முக்கால். தர்க்கம்.

வேடனாக வந்த முருகன் வள்ளியை மணம் பேசுகிறான். வள்ளி மறுக்கிறாள். இது வரைக்கும் சுவாமிகளின் வழி. இனி வழியில்லாத வழி. ராஜபார்ட் சினிமா மெட்டு ஒன்றைப் பிடித்து, அதற்குள் வைப்பாற்றை ஓட விட்டார். ஐப்பசியில் மட்டும் வருகிற ஆறு, வற்றாத கிணறு, மணி வாங்கிக் கொடுத்தவர் பேர், படித்து வேலைக்குப் போன பெண் என்று காபி குடித்தபோது காதில் வாங்கியதெல்லாம் எதுகையோடு வந்து விழுந்தது. கூட்டம் தன் ஊரைக் கேட்டதும் கூவியது. ஒருவர் மேடையேறி ஊக்கால் ரூபாய்த் தாளை அவர் மாலையில் குத்தினார். கொடுத்தவர் பேரையும் பாட்டு நிற்காமலே ராகத்தில் சேர்த்து நன்றி சொன்னார்.

அப்போது வள்ளி கேட்டாள். பாட்டை நிறுத்தி, வசனமாகவே.

“ஊரெல்லாம் காக்கிறேன்னு சொல்றீரே. விடியக் காலம் வேன்ல ஏறிப் போயி மருந்துக்குள்ள உட்கார்ற எங்க பொம்பளையாளுகள யாரு காக்கிறது? மயிலு காக்குமா, வேலு காக்குமா?”

பெண்கள் பக்கத்தில் சலசலப்பு நின்றுவிட்டது.

இந்த வட்டாரத்தில் அது சாதாரணக் கேள்வி அல்ல. வெடி மருந்து செலுத்துகிறபோது ஓர் உராய்வு போதும். 2012 செப்டம்பரில் முதலிப்பட்டியில் ஆலை வெடித்தது, 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில். முன்வரிசையில் இருக்கிற எத்தனை பேருக்கு அந்த இரண்டு பெயர்களுக்குள் சொந்தபந்தம் இருக்கும் என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

ராஜபார்ட் உடனே பதில் சொல்லவில்லை. ஆர்மோனியக்காரர் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தார். டோலக் கை காற்றில் நின்றது. நோட்டு பெட்டிக்குள் இருக்கிறது. அதில் இதற்குப் பாட்டு இல்லை. முகத்தைத் தூக்கி மைக்கைப் பார்த்தார். பிறகு மெட்டு எதையும் பிடிக்காமல், ஒப்பாரிக்கும் விருத்தத்துக்கும் நடுவே ஏதோ ஒன்றில் மெல்லத் தொடங்கினார். காக்கிறேன் என்று சொல்லவில்லை. மருந்துக் கறை போகாத விரல்களைப் பற்றிப் பாடினார். அந்த விரலால் சோறு பிசைந்து ஊட்டுகிற தாயைப் பற்றி. ஊரெல்லாம் தீபாவளிக்கு வானத்தைப் பார்த்துச் சிரிக்கிறபோது அன்றைக்கு ஒருநாள்தான் தூங்க முடிகிற பெண்ணைப் பற்றி. கடைசியில், கேட்டவளிடமே, உன் கேள்விக்குப் பதில் என்னிடம் இல்லை, கேட்க வேண்டிய இடத்தில் நீயும் நானும் சேர்ந்து போய்க் கேட்போம் என்கிற பொருளில் முடித்தார்.

யாரும் கை தட்டவில்லை. ஒரு பெண் எழுந்து வந்து, தாளைக் குத்தாமல், அவர் கையில் வைத்துவிட்டுப் போனார். ஸ்திரீபார்ட் அம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வள்ளியாகவே அடுத்த அடியை எடுத்துப் பாடினார். ஒத்திகை இல்லாத கலையைக் குறைவாகப் பேசுகிறவர்கள் இந்தப் பத்து நிமிஷத்தில் இங்கே இருந்திருக்க வேண்டும். முன்பின் பழகாத இரண்டு பேர், ஒருவர் கேள்வியை மற்றவர் தாங்கிக்கொண்டார்கள்.

கிழட்டு வேடம் முடிந்து, யானைக்கு வள்ளி பயந்து, விடிகிற நேரத்துக்குக் கல்யாணக் காட்சி வந்தது. தகரத்தில் வெட்டி வர்ணம் அடித்த மயிலை இரண்டு பேர் தூக்கி வந்து நிறுத்தினார்கள். ராஜபார்ட் அதற்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார, முன்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு மயில்மேல் முருகன். பெண்கள் குலவை போட்டார்கள். ஒரு பாட்டி கற்பூரத் தட்டோடு மேடைப் படிவரை வந்து காட்டினார்.

விஸ்வநாத தாசும் இதே காட்சியமைப்பில்தான் போனார். கடனும் தடையும் சிறையும் சேர்ந்து உடம்பை முறித்திருந்தன. திருமங்கலத்து வீடு அடமானத்தில் இருந்தது. 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில் ‘வள்ளி திருமணம்’. மயிலாசனத்தில் முருகனாக உட்கார்ந்து பாடத் தொடங்கியவர் அப்படியே சாய்ந்துவிட்டார். வயது 54. முருகன் வேடத்தைக் கலைக்காமலே ஊர்வலமாகக் கொண்டுபோய் மூலக்கொத்தளத்தில் எரியூட்டினார்கள். திருமங்கலத்தில் இன்றைக்கு அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறது. அது போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. செங்கோட்டைக் கிட்டப்பாவின் குரலைப் பற்றிப் பேசுகிற நாம், அதே காலத்தில் அதே மேடைகளில் நின்று, ஒவ்வொரு பாட்டுக்கும் உடம்பால் விலை கொடுத்த இந்தக் குரலைப் பற்றி அதில் கால்வாசியும் பேசவில்லை. சிவகாசி என்றால் பட்டாசும் தீப்பெட்டியும் அச்சகமும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நாலாவதாக ஒரு பாட்டுக்காரர் பேரையும் சொல்லித் தர வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பையனுக்கு முதலில்.

மங்களம் பாடி முடித்ததும் கூட்டம் பாய்களைச் சுருட்டியது. தட்டி மறைப்பில் ராஜபார்ட் தேங்காயெண்ணெய் தடவி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். முருகன் போக, கண்ணுக்குக் கீழே கருவளையமுள்ள ஒருவர் வெளியே வந்தார். கமிட்டிப் பெரியவர் மீதிப் பணத்தை எண்ணிக் கொடுத்தார். மாலையில் குத்திய தாள்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதில் ஒரு பங்கை ஆல்ரவுண்டு பையனிடமும் ஒரு பங்கை ஆர்மோனியக்காரரிடமும் ராஜபார்ட் தானாகவே நீட்டினார்.

“வேண்டாம்யா, நீ வச்சுக்க.”

“பிடிங்க வாத்தியாரே. சுருதியை விடாமப் பிடிச்சீங்கள்ல, அதுலதான் நின்னேன்.”

ஸ்திரீபார்ட் அம்மாள் சீலை மாற்றி, பையைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டிருந்தார்.

“அக்கா, அந்தக் கேள்வியை முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தீங்களா?”

“இல்ல தம்பி. என் மூத்தவ அந்த வேலைக்குத்தான் போறா. நீங்க ஊரைப் பத்திப் பாடவும் வந்திருச்சு. தப்பா எடுத்துக்காதீங்க.”

“தப்பெல்லாம் இல்லக்கா.” கொஞ்ச நேரம் கழித்து, “நான் பாடினது ஏதாச்சும் ஞாபகம் இருக்கா உங்களுக்கு? எழுதி வச்சுக்கலாம்னு பார்க்கேன். ஒரு அடியும் வர மாட்டேங்குது.”

அம்மாள் நினைவிலிருந்து இரண்டு அடி சொன்னார். ஆர்மோனியக்காரர் ஓர் அடியைத் திருத்தினார். ராஜபார்ட் பெட்டிமேல் நோட்டை வைத்து எழுதிக்கொண்டார். ரோட்டில் பயர் ஆபீஸ் வேன் ஆரன் அடித்தது. ராத்திரி முழுக்க நாடகம் பார்த்த பெண்களில் சிலர் தூக்குவாளியோடு ஓடிப் போய் ஏறினார்கள்.

ராஜபார்ட்டுக்கு இன்று ராத்திரி கமுதிப் பக்கம் நாடகம். வள்ளி யார் என்று ஏஜெண்ட் இன்னும் சொல்லவில்லை.